பளபளவென நிற்கும் மரத்துக்குள்ளும் நோய் இருக்கும்: வெண்ணெய்ப்பழத்தில் வெயில்கறை வைராய்டு

கீழ்ப்பழனி மலை, ஏற்காடு, நீலகிரிச் சரிவு, குடகு, வயநாடு என்று காப்பித் தோட்டம் இருக்கும் பக்கமெல்லாம் வெண்ணெய்ப்பழ மரம் ரொம்ப காலமாகவே நிற்கிறது. பட்டர் ஃப்ரூட் என்றால் எல்லாருக்கும் தெரியும். நிழலுக்காக, விதை போட்டு வளர்த்த மரங்கள்தான் பெரும்பாலும். அப்போது யாரும் அதைப் பெரிய வருமானமாக நினைக்கவில்லை. இப்போது நிலைமை மாறிவிட்டது. பழத்துக்கு நல்ல விலை கிடைக்கிறது. ஒட்டுச்செடிக்குக் கிராக்கி இருக்கிறது. ‘ஹாஸ்’ ரகம் வேண்டும் என்று தேடிப்போய் வாங்குகிறார்கள். சமவெளியில்கூட நட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள்.

நடுவதற்கு முன்னால் ஒரு நோயைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. இதற்கு இரசாயன மருந்தும் கிடையாது, நம்ம கைவசம் இருக்கிற இயற்கை மருந்தும் கிடையாது. பஞ்சகவ்யா, வேப்பெண்ணெய், சூடோமோனாஸ் எதைக் கொடுத்தாலும் இந்த நோய் மரத்தை விட்டுப் போகாது. இதைப் பரப்பும் பூச்சி எதுவும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. விதை போடுகிற கை, ஒட்டுக் கட்டுகிற கை, கவாத்து செய்கிற கை, இவைதான் இதைத் தோட்டம் விட்டுத் தோட்டம் கொண்டுபோகின்றன. அதனாலேயே, வராமல் தடுப்பதும் முழுக்க நம் கையில்தான் இருக்கிறது.

வெயில் மீது விழுந்த பழி

இந்த நோயைப் பற்றி முதலில் எழுதப்பட்டது அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில். 1920களில் அங்கே வெண்ணெய்ப்பழத் தோட்டங்கள் வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தன. சில மரங்களில் காய்மேல் மஞ்சள் கோடு, இளங்கிளையில் வெளிறிய வரி என்று தெரிய ஆரம்பித்தது. ஜே. எலியட் காய்ட் என்ற தோட்டக்கலை அறிஞர் 1928இல் இதைப் பற்றி எழுதினார். வெயில் பட்டுச் சுட்டது போலத் தெரிந்ததால் ‘சன்பிளாட்ச்’ என்று பெயர் வந்தது. நாம் வெயில்கறை என்று சொல்லலாம். இது மரத்தின் உடற்கூற்றில் வந்த கோளாறு, தொற்றுநோய் இல்லை என்றுதான் அப்போது நினைத்தார்கள்.

மூன்றே வருடத்தில் அந்த நினைப்பு உடைந்தது. ஹார்ன், பார்க்கர் என்ற இருவர், நோயுள்ள மரத்தின் குச்சியை நல்ல செடியில் ஒட்டுக் கட்டினால் அந்தச் செடிக்கும் நோய் வருகிறது என்று 1931இல் எழுதினார்கள். ஒட்டு வழியாகப் பரவுகிறது என்றால் இது தொற்றுநோய்தான். பழி வெயிலை விட்டு வைரஸ் பக்கம் போனது. ஆனால் எவ்வளவு தேடியும் வைரஸ் துகள் ஒன்றும் கண்ணில் படவில்லை.

விடை வேறொரு பயிரிலிருந்து வந்தது. உருளைக்கிழங்கைக் கதிர்போல ஒல்லியாக்கும் ஒரு நோயை ஆராய்ந்த தியோடர் டீனர், அதற்குக் காரணம் வைரஸைவிட மிகமிகச் சிறிய ஒன்று என்று 1971இல் அறிவித்து, அதற்கு ‘வைராய்டு’ என்று பெயர் வைத்தார். அதற்குப் பிறகு வெயில்கறை நோயைத் திரும்பப் பார்த்தபோது, அதுவும் வைராய்டுதான் என்று தெரிந்தது. 1981இல் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் சைமன்ஸ் குழுவினர் அதன் முழு வரிசையையும் படித்து முடித்தார்கள்.

இன்று அமெரிக்கா, மெக்சிகோ, பெரு, இஸ்ரேல், ஸ்பெயின், தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எனப் பல நாடுகளில் இந்த நோய் பதிவாகியிருக்கிறது. இது தானாகக் கடல் தாண்டவில்லை. விதையிலும் ஒட்டுக்குச்சியிலும் பயணம் செய்தது.

வைராய்டு என்றால் என்ன?

வைரஸுக்கு உள்ளே மரபுப் பொருளும் வெளியே புரதச் சட்டையும் உண்டு. வைராய்டுக்கு அந்தச் சட்டைகூட இல்லை. வளையமாக மூடிய ஒரு சின்ன ஆர்.என்.ஏ. இழை, அவ்வளவுதான். கொரோனா வைரஸின் மரபுச் செய்தியில் ஏறக்குறைய 30,000 எழுத்துகள் உண்டு. வெயில்கறை வைராய்டில் இருப்பது சுமார் 247 எழுத்து. ஒரு புரதத்தைக்கூட உருவாக்கத் தெரியாத இந்தத் துணுக்கு, மரத்தின் செல்லுக்குள் புகுந்து, மரத்தின் கருவிகளையே வைத்துத் தன்னைப் பல படி எடுத்துக்கொள்கிறது.

அது படி எடுக்கும் இடம் பச்சையக் கணிகம். இலையும் இளந்தண்டும் சூரிய ஒளியில் சமையல் செய்யும் இடம் அது. அதனால்தான் பச்சை இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய, மஞ்சள் நிறக் கோடுகள் வருகின்றன.

வைராய்டு என்பது வெண்ணெய்ப்பழத்துக்கு மட்டும் வருவதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பத்திலும் உண்டு. பிலிப்பைன்ஸில் 3 கோடிக்கும் மேற்பட்ட தென்னைகளைக் கொன்றதாகக் கணக்கிடப்படும் கடாங்-கடாங் நோயும் ஒரு வைராய்டு செய்ததுதான். (நம்ம ஊர்த் தஞ்சாவூர் வாடல் பூஞ்சையால் வருவது, அது வேறு.)

பூச்சிக்கொல்லி பூச்சியைக் கொல்லும், பூஞ்சைக்கொல்லி பூஞ்சையைக் கொல்லும். வைராய்டோ மரத்தின் செல்லுக்குள் மரத்தோடு மரமாகக் கலந்து கிடக்கிறது. மரத்தை விட்டுவிட்டு அதை மட்டும் அழிக்கத் தோட்டத்தில் வழியில்லை. ‘வைராய்டைக் குணப்படுத்தும்’ என்று யாராவது பாட்டில் விற்றால், அது இயற்கை மருந்தானாலும் சரி, செயற்கை மருந்தானாலும் சரி, வாங்காதீர்கள்.

எப்படி அடையாளம் காண்பது?

காயில்: காம்புப் பக்கத்திலிருந்து நீளவாக்கில் ஓடும் மஞ்சள், வெள்ளை அல்லது இளஞ்சிவப்புக் கோடு. கோடு ஓடும் இடம் சற்றுப் பள்ளமாக அமுங்கியிருக்கும். காய் கோணலாகவும் ஆகலாம்.

இளங்கிளையில்: பச்சைத் தண்டின்மேல் நீளமான மஞ்சள் அல்லது வெளிறிய வரி. காயில்லாத காலத்தில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

முதிர்ந்த கிளையிலும் அடிமரத்திலும்: பட்டை சதுரம் சதுரமாக வெடித்து முதலைத் தோல் போல இருக்கும்.

மரத்தின் வடிவில்: நிமிர்ந்து வளராமல் கிளைகள் பக்கவாட்டில் படர்ந்து, மரம் குட்டையாக நிற்கும்.

இலையில்: வெள்ளைத் திட்டும் கோணலும் வரலாம். ஆனால் இது அடிக்கடி தென்படாது. இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

மஞ்சளாகத் தெரிவதெல்லாம் வெயில்கறை ஆகிவிடாது. நிஜமான வெயில் சூடு, வெயில் படும் பக்கத்தில் மட்டும் திட்டாக விழும். வைராய்டுக் கோடு, இலைக்கு உள்ளே நிழலில் தொங்கும் காயிலும் இருக்கும். துத்தநாகக் குறைபாட்டில் இலைகள் சிறுத்து, நரம்புகளுக்கு நடுவே மஞ்சளாகும். காயில் பள்ளமான கோடு வராது. காற்றில் கிளை உரசிய வடு பழுப்பாக, சொரசொரப்பாக இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு காயை வைத்து முடிவுக்கு வராமல், அந்த மரத்தின் இளங்கிளை, பட்டை, வடிவம் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

அறிகுறி காட்டாத மரம்

நோய் காட்டும் மரத்தை நாம் எப்படியும் கவனித்துவிடுவோம். ‘இது சரியில்லை’ என்று அதில் குச்சி எடுக்க மாட்டோம். இன்னொரு வகை மரம் இருக்கிறது. வைராய்டு உள்ளே இருக்கும்; வெளியே ஒரு கோடுகூட இருக்காது. இலை பச்சையாக, காய் வழவழப்பாக இருக்கும். ஆனால் காய்ப்பு மட்டும் குறைந்திருக்கும். அதற்கு நாம் மண்ணையோ மழையையோ காரணம் சொல்லிக்கொள்வோம்.

இப்படி ஒரு மரம் எங்கிருந்து வருகிறது? நோய் காட்டிய மரமே சில நேரம் புதுத் துளிர் விடும்போது அறிகுறி இல்லாமல் துளிர்க்கும். ‘மரம் தேறிருச்சு’ என்று நமக்குத் தோன்றும். உண்மையில் மரம் தேறவில்லை, நோயை மறைத்துக்கொண்டது.

கலிஃபோர்னியாவில் வாலஸ், டிரேக் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1962இல் வெளியிட்ட ஆய்வு இந்த மர்மத்தை அவிழ்த்தது. அறிகுறி காட்டும் மரத்தின் விதையில் நோய் போவது குறைவு. 100 விதைக்கு ஐந்துக்குள்தான். அறிகுறி காட்டாமல் நோயைச் சுமக்கும் மரத்தின் விதையிலோ 86 முதல் 100 சதவீதம் வரை நோய் போகிறது! அந்த விதையிலிருந்து முளைக்கும் கன்றும் அம்மா மாதிரியே அறிகுறி காட்டாது. பார்க்கக் கொழுகொழுவென்று வளரும்.

இதை ஒட்டுக் கட்டுவதோடு சேர்த்துப் பாருங்கள். நர்சரிக்காரர் நல்ல மரத்தில்தான் குச்சி எடுத்தார். வேர்ச்செடிக்கு மட்டும் எங்கோ கிடைத்த விதையைப் போட்டு நாற்று வளர்த்தார். அந்த நாற்று நோய் சுமக்கும் மரத்தின் பிள்ளை. ஒட்டுக் கட்டியதும் கீழிருந்து வைராய்டு மேலே ஏறுகிறது. நட்டு, வளர்த்து, காய்க்க ஆரம்பிக்கும்போது காயில் மஞ்சள் கோடு. “நல்ல மரத்துக் குச்சிதானே வெச்சேன், எப்படிங்க வந்துச்சு?” என்ற கேள்விக்கு விடை அந்த வேர்ச்செடியில் இருக்கிறது. குச்சியின் தாய் எது என்று கேட்பது போலவே, வேர்ச்செடியின் தாய் எது என்றும் கேட்க வேண்டும்.

பரவும் வழிகள்

1. ஒட்டு. குச்சியில் இருந்தாலும் வேர்ச்செடியில் இருந்தாலும் மற்றதற்குப் போய்விடும். ரூடால்ஃப் ஹாஸ் என்பவர் கலிஃபோர்னியாவில் 1926இல் நட்ட ஒரே ஒரு விதைக் கன்றிலிருந்து வந்ததுதான் இன்று உலகம் முழுக்க இருக்கும் ஹாஸ். அந்தத் தாய்மரம் வேர் அழுகல் வந்து 2002இல் வெட்டப்பட்டது. அதன் துண்டுகள் லட்சக்கணக்கான மரங்களாக நிற்கின்றன. ஒட்டின் சக்தி அது. ஒரு தாய்மரத்தில் நோய் இருந்தால், அதே சக்தி நோயையும் அப்படியே பெருக்கிவிடும்.

2. விதை. மேலே பார்த்தோம்.

3. கத்தி, கத்தரி, அரம், அருவாள். நோயுள்ள மரத்தை வெட்டிய சாறு ஒட்டிய கருவியால் அடுத்த மரத்தை வெட்டினால் பரவலாம். கவாத்துக் கத்தரி, ஒட்டுக் கத்தி, காய் பறிக்கும் கத்தரி எல்லாமே இதில் அடக்கம்.

4. வேர். பக்கத்துப் பக்கத்து மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது உண்டு. அந்த வழியாகவும் போகும். அதனால்தான் ஒரு மரத்தில் உறுதியானால் அடுத்த மரத்தையும் சோதிக்கச் சொல்கிறார்கள்.

5. மகரந்தம். நோயுள்ள மரத்தின் மகரந்தம் நல்ல மரத்தின் பூவில் சேர்ந்தால், அந்தக் காயின் விதைக்கு மட்டும் நோய் போகலாம். அந்த மரத்துக்கு நோய் வராது. இது நடப்பதும் குறைவுதான். ஆகவே தேனீப் பெட்டியை எடுத்துவிட வேண்டாம். தேனீ இல்லாவிட்டால் காய்ப்பே குறைந்துபோகும்.

அசுவினி, வெள்ளை ஈ போன்ற பூச்சிகள் இதைப் பரப்புவதாக எங்கும் நிரூபிக்கப்படவில்லை. பழத்தைச் சாப்பிடுவதால் மனிதருக்கோ மாட்டுக்கோ ஒன்றும் ஆகாது. இயற்கையில் இது வெண்ணெய்ப்பழ மரத்தைத்தான் பிடிக்கிறது. ஆராய்ச்சிக்கூடத்தில் மட்டும், அதே குடும்பத்தைச் சேர்ந்த இலவங்கப்பட்டைக்கும் கற்பூர மரத்துக்கும் ஏற்றிக் காட்டியிருக்கிறார்கள்.

விதைப் பகிர்வும் இந்த நோயும்

விதையைப் பகிர்வது நம் இயக்கத்தின் உயிர்மூச்சு. நெல்லானாலும் கத்தரியானாலும் ஒருவரிடம் இருப்பதைப் பத்துப் பேருக்குக் கொடுத்துத்தான் இவ்வளவு ரகங்களைக் காப்பாற்றியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தை விடச் சொல்லவில்லை. ஆனால் வெண்ணெய்ப்பழக் கொட்டையை நெல் விதை போல நினைக்க முடியாது. நெல்லில் கோளாறு என்றால் ஒரு போகத்தில் தெரிந்துவிடும், அடுத்த போகத்தில் மாற்றிக்கொள்ளலாம். இங்கே தெரியவே வருடக்கணக்காகும். அதற்குள் மரம் வளர்ந்து, வேர் பரப்பி, அதன் விதையும் நாலு பேரிடம் போயிருக்கும்.

ஆகவே வெண்ணெய்ப்பழத்தில் விதை கொடுப்பதும் குச்சி கொடுப்பதும் தாய்மரத்தின் வரலாறு தெரிந்து நடக்கட்டும். எந்த மரம், எத்தனை வயது, வருடாவருடம் எவ்வளவு காய்க்கிறது, காயில் எப்போதாவது கோடு வந்ததா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். வாங்குபவர் அதை எடுத்து வையுங்கள். பிறகு ஒரு மரத்தில் பிரச்சினை வந்தால், அதே தாயின் பிள்ளைகள் எங்கெங்கே நிற்கின்றன என்று தேட அந்தச் சீட்டு மட்டும்தான் உதவும்.

கடையில் வாங்கிய வெளிநாட்டுப் பழத்தின் கொட்டையை முளைக்க வைப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. பெருவிலிருந்தோ தென்னாப்பிரிக்காவிலிருந்தோ வந்த பழமாக இருந்தால், அது நோய் பதிவான நாட்டிலிருந்து வந்த விதை. தின்றுவிட்டுக் கொட்டையைக் குப்பைக் குழியில் போடுங்கள். குழியில் முளைத்தால் பிடுங்கிவிடுங்கள். தோட்டத்தில் நட வேண்டாம், வேர்ச்செடிக்கும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து பெட்டிக்குள் வைத்து ஒட்டுக்குச்சி கொண்டுவருவது இன்னும் ஆபத்து, சட்டப்படியும் குற்றம். செடியோ குச்சியோ இறக்குமதி செய்ய 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதி வாங்க வேண்டும்.

கன்று வாங்கும்போது கேட்க வேண்டியவை

– ஒட்டுக்குச்சி எந்தத் தாய்மரத்திலிருந்து? அந்த மரத்தைப் பார்க்கலாமா?
– வேர்ச்செடியின் விதை எங்கிருந்து வந்தது? ஒரே மரத்து விதையா, சந்தையில் பொறுக்கியதா?
– தாய்மரத்துக்கு வைராய்டு சோதனை செய்திருக்கிறார்களா? எப்போது?
– ஒட்டுக் கட்டும் கத்தியை எப்படிச் சுத்தம் செய்கிறார்கள்?

பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் விலை குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். கொடைக்கானல் கீழ்மலையில் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் தேர்வு செய்த டி.கே.டி-1 போல நம் பகுதிக்கே உரிய ரகமும் இருக்கிறது. எந்த ரகமானாலும் இதே நாலு கேள்வியைக் கேளுங்கள்.

கத்தியைச் சுத்தம் செய்யும் முறை

வைராய்டு சூட்டைத் தாங்கும். கத்தியைத் துணியில் துடைப்பதோ நெருப்பில் ஒரு நொடி காட்டுவதோ போதாது. வெளிநாட்டுத் தோட்டங்களில் பரிந்துரைக்கப்படுவது 1.5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். வீட்டில் துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவம்தான் அது. பாட்டிலில் 6 சதவீதம் என்று போட்டிருந்தால் 1 பங்குக்கு 3 பங்கு தண்ணீர். 4.5 சதவீதம் என்றால் 1 பங்குக்கு 2 பங்கு தண்ணீர். வீரியம் குறைந்துவிடும் என்பதால் அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்குங்கள்.

முதலில் சாறு, மண், பட்டைத் தூள் போகத் தேய்த்துக் கழுவ வேண்டும். அழுக்கு இருந்தால் கரைசல் வேலை செய்யாது. இரண்டு கத்தரி வைத்துக்கொண்டால், ஒன்று வெட்டும்போது இன்னொன்று கரைசலில் ஊறும். மரத்துக்கு மரம் மாற்றிக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசுங்கள், இல்லையென்றால் துருப்பிடித்துவிடும்.

முக்கியமான எச்சரிக்கை: இந்தக் கரைசலைக் கோமியத்தோடோ வினிகர், எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்புப் பொருளோடோ சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். பஞ்சகவ்யா, ஜீவாமிர்தம் கலக்கும் வாளியில் இதைக் கலக்கவே கூடாது. தனி வாளி வையுங்கள். மிச்சத்தை மண்ணிலும் மரத்தடியிலும் கொட்டாதீர்கள். அங்ககச் சான்று வைத்திருப்பவர்கள், கருவி சுத்தம் செய்யப் பயன்படுத்துவதைச் சான்று தருபவரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.

சந்தேகம் வந்தால்

அந்த மரத்தில் ரிப்பன் கட்டுங்கள். அன்றிலிருந்து அதில் விதையும் எடுக்க வேண்டாம், குச்சியும் எடுக்க வேண்டாம். கவாத்தும் அறுவடையும் தோட்டத்தில் கடைசி மரமாக அதற்குச் செய்யுங்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறையிடமோ பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்திடமோ சோதனைக்கு வழி கேளுங்கள். ஆர்.டி.-பி.சி.ஆர். என்ற சோதனையில் வைராய்டு தெரியும். ஆனால் மரம் முழுக்க அது ஒரே அளவாகப் பரவியிருக்காது. ஒரு கிளையில் நிறைய இருக்கும், அடுத்த கிளையில் இல்லாததுபோல இருக்கும். அதனால் நாலு பக்கக் கிளையிலிருந்தும் இலை எடுத்துக் கொடுங்கள். ‘இல்லை’ என்று ஒருமுறை வந்தாலும், தாய்மரமாக வைத்துக்கொள்ளப் போவதாக இருந்தால் மறுபடியும் சோதியுங்கள்.

நோய் உறுதியானால் மரத்தை எடுப்பது ஒன்றுதான் வழி. நன்றாகக் காய்க்கிற மரமாக இருந்தால் மனசு வராதுதான். ஆனால் அது நின்றால் வேர் வழியாகப் பக்கத்து மரத்துக்கும், கத்தி வழியாகத் தோட்டத்துக்கும் போய்க்கொண்டே இருக்கும். வெட்டினால் மட்டும் போதாது. அடிக்கட்டையும் வேரும் உயிரோடு இருந்தால் நோயும் உயிரோடு இருக்கும். கட்டையைத் தோண்டி எடுங்கள். முடியாத இடத்தில் கறுப்புத் தாளால் வெளிச்சம் புகாமல் மூடி, துளிர் வரவர ஒடித்து, முழுதாகச் சாகும்வரை விடாதீர்கள். அந்த மரத்தின் கொட்டைகளும் அடியில் முளைத்த கன்றுகளும் ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாது.

சுருக்கமாக

– வைராய்டுக்கு மருந்து இல்லை. வராமல் தடுப்பது மட்டுமே வழி.
– அறிகுறி இல்லாத மரத்திலும் நோய் இருக்கும். அதன் விதையில்தான் நோய் அதிகம் போகும்.
– குச்சியின் தாயையும் வேர்ச்செடியின் தாயையும் விசாரியுங்கள்.
– மரத்துக்கு மரம் கத்தியைச் சுத்தம் செய்யுங்கள்.
– விதை, குச்சி கொடுக்கும்போது தாய்மரத்தின் வரலாற்றையும் எழுதிக் கொடுங்கள்.

வெண்ணெய்ப்பழ மரம் பல பத்தாண்டுகள் நிற்கும் மரம். நடும் அன்று கேட்கிற நாலு கேள்விக்குச் செலவாவது பத்து நிமிடம். அதைக் கேட்காமல் நட்டால், நோய் நம் தோட்டத்தோடு நிற்காது. நம்மிடம் விதை வாங்கிய தோட்டங்களுக்கும் போய்ச் சேரும்.